லண்டனில் ஒற்றை ஆளாகப் போய் உட்காரத் தகுந்த சில பப்புகள்

ஊரிலிருந்து வரும் உறவினர்களும் நண்பர்களும் கோபுரப் பாலத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்த்து முடித்த மூன்றாம் நாள் மாலையில், சற்றே குரலைத் தாழ்த்தி, நல்ல பப் ஒன்றுக்குக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. லண்டன் பப்புகளைப் பற்றிய பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை எது மிகப் பழையது, எந்த எழுத்தாளர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்ற கணக்கிலேயே நின்றுவிடுகின்றன. நான் பார்ப்பது இரண்டே விஷயங்களை. நிலவறையில் இருக்கும் பியரை ஒழுங்காகப் பராமரிக்கிறார்களா என்பது ஒன்று. தனியாக வருகிற ஒருவர் ஒரே ஒரு கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் எவருடைய முகமும் சுளிக்காமல் இருக்கிறதா என்பது மற்றொன்று. வாசலில் தொங்கும் பூத்தொட்டிகளுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

நம்மூர் டாஸ்மாக் பாரை மட்டுமே அறிந்தவர்களுக்கு இரண்டாவது அளவுகோல் விசித்திரமாகத் தோன்றக்கூடும். அங்கே பிளாஸ்டிக் தம்ளரும் சுண்டல் பொட்டலமுமாக உட்காருகிறவர், எவர் கண்ணிலும் படாமல் சீக்கிரம் எழுந்து போய்விட வேண்டும் என்ற நினைப்பிலேயே இருப்பார். ஈழத்து நண்பர்கள் மதுக்கடையைத் தவறணை என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் கொஞ்சம் கேலியும் கொஞ்சம் ஏக்கமும் சேர்ந்து ஒலிக்கும். லண்டனின் பேட்டை பப்போ பாதி மதுக்கடை, பாதி ஊர்த்திண்ணை. ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் குழந்தைகளோடு குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும், மேசைக்கடியில் நாய் படுத்திருக்கும், மூலையில் ஒரு முதியவர் செய்தித்தாளின் குறுக்கெழுத்தை நிரப்பிக்கொண்டிருப்பார்.

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது பரிமாறும் முறையில்தான். மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் தாகம்தான் மிஞ்சும். நாமே கவுண்டருக்குப் போய், கேட்டு, அங்கேயே பணம் கொடுத்து, கோப்பையை எடுத்து வர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வரிசை பல இடங்களில் இருக்காது. யார் முதலில் வந்தார் என்பதைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் மனத்தில் குறித்துக்கொள்வார், அவர் தவறினால் "எனக்கு முன்னால் வந்தவர் இவர்" என்று வாடிக்கையாளரே சொல்லிவிடுவார். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி லிட்டர். அரை பைன்ட் கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. நுரை அதிகமாகவும் பியர் குறைவாகவும் வந்தால், இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்று கேட்கலாம். நல்ல இடமாக இருந்தால் மறுபேச்சில்லாமல் ஊற்றித் தருவார்கள். நடு லண்டனில் ஒரு பைன்டுக்கு ஆறு, ஏழு பவுண்டு ஆகிவிடுகிறது என்பதால் இந்த ஒரு விரல் உயரத்துக்கும் விலை உண்டு.

பியரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல பப்பும் மோசமான பப்பும் பிரியும் இடம் இதுதான். லண்டன் பப்பில் கேட்டு வாங்க வேண்டியது பீப்பாய் ஏல் என்ற பியர் வகை. இது வடிகட்டப்பட்டு, சூடாக்கி உயிர் நீக்கப்பட்டு, வாயு ஏற்றப்பட்டு வருகிற பியர் அல்ல. பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடிருந்து நொதித்துக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 12 டிகிரி வெப்பத்தில் அதைக் காத்து, தெளிய விட்டு, சரியான நாளில் திறந்து, திறந்த மூன்று நாட்களுக்குள் விற்று முடிப்பது நிலவறைக்காரரின் கைத்திறன். காலையில் இறக்கிய கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1960களில் பெரிய ஆலைகள் பராமரிப்புத் தொல்லை இல்லாத வாயு பியருக்கு மாறத் தொடங்கியபோது, அதை எதிர்த்து 1971-இல் காம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் பிறந்தது. இன்று லண்டனில் பீப்பாய் ஏல் கிடைப்பதற்கு அந்த இயக்கத்துக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இந்த ஏல் குழாயைத் திறந்ததும் கொட்டாது. கவுண்டரில் நிற்கும் நீண்ட கைப்பிடியை முன்னோக்கி இழுத்து, நிலவறையிலிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பழகிய கை மூன்று நீண்ட இழுப்பில் கோப்பையை ஏறத்தாழ நிரப்பி, கணநேரம் நிறுத்தி, நுரை அடங்குவதைப் பார்த்துவிட்டு, கடைசியில் பாதி இழுப்பில் விளிம்பு வரை கொண்டுவந்துவிடும். ஐஸ் போலக் குளிர்ந்திருக்காது. அதைக் குறையாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்த என் சித்தப்பாவை இன்னும் நாங்கள் கிண்டல் செய்கிறோம். ஆனால் காடி போலப் புளித்திருந்தால் திருப்பிக் கொடுப்பது நியாயம். ரயில் நிலையம் ஒன்றின் அருகே, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பப்பில், புளித்த கோப்பையை நான் நீட்டியபோது, இந்த வகை ஏல் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். நல்ல இடத்தில் ஒரு வாய் சுவைத்துப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, வேறு ஊற்றித் தருவார்கள். அந்தப் பீப்பாயையும் மாற்றிவிடுவார்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பீப்பாய் ஏலைத் தெளிய வைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒருவகைப் பசையைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். இப்போது அது சேர்க்காத ஏல்களும் பல வந்துவிட்டன. கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லை.

முதலில் கூட்டிப் போகும் இடமாக நான் வைத்திருப்பது புளூம்ஸ்பரியில் லாம்ப்ஸ் காண்டூட் தெருவிலுள்ள லாம்ப். பெயரைப் பார்த்து ஆட்டுக்குட்டியை நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது 1577-இல் இப்பகுதியின் நீர்க்குழாய் அமைப்பைத் தம் செலவில் சீர்செய்த வில்லியம் லாம்ப் என்பவரின் பெயர். இதை நடத்தும் யங்ஸ் நிறுவனத்தின் சின்னம் ஆட்டுக்கடா என்பது வேடிக்கையான பொருத்தம். வெளியே பச்சை ஓடு பதித்த முகப்பு, உள்ளே குதிரை லாட வடிவில் கவுண்டர். அந்தக் கவுண்டரின் மேல் ஒரு மனிதரின் முக உயரத்தில், பூவேலை செய்த சிறு கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் நடு அச்சில் சுழலும். விக்டோரியா காலத்துக் கனவான்கள் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் தம் முகத்தைப் பார்த்துவிடாமல் மது வாங்குவதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆள் தெரியாமல், கை மட்டும் நீண்டு, கோப்பை மட்டும் வந்து சேரும். இரட்டைக் குவளையைக் கண்ட நாட்டிலிருந்து வந்த நான் முதன்முறை இதைப் பார்த்தபோது சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டேன். அங்கே மேலிருப்பவன் கீழிருப்பவனுக்குத் தனிக் குவளை வைத்தான். இங்கே மேலிருப்பவன் தன் முகத்தை மறைத்துக்கொண்டான். இன்று சட்டங்களைச் சுழற்றி விளையாடுவது குழந்தைகள்தான்.

லாம்பின் சிறப்பு அந்தக் கண்ணாடிகளோடு முடிவதில்லை. கோவையிலிருந்து வந்திருந்த என் தங்கை ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் நான் வரும்வரை அங்கே தனியாக ஒன்றரை மணி நேரம் எலுமிச்சைச் சாறு கலந்த சோடாவை வைத்துக்கொண்டு புத்தகம் படித்திருக்கிறாள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவள் சொன்னதையே இந்த இடத்துக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் தெருவரை வழியும். அப்போது இந்த அமைதியை எதிர்பார்க்கக் கூடாது. யங்ஸின் வாண்ட்ஸ்வொர்த் ஆலை 2006-இல் மூடப்பட்டுவிட்டதால் அவர்களுடைய பிட்டர் என்னும் கசப்பு ஏல் இப்போது லண்டனில் காய்ச்சப்படுவதில்லை என்ற குறை பழைய வாடிக்கையாளர்களுக்கு உண்டு. பராமரிப்பில் நான் குறை கண்டதில்லை.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் ஹை ஹோல்பர்னில் பிரின்ஸஸ் லூயிஸ் இருக்கிறது. விக்டோரியா அரசியின் நான்காவது மகளின் பெயர் கொண்ட இந்தக் கட்டடத்தின் உள்வேலைப்பாடு 1891-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நடுவில் தீவு போல ஒரு கவுண்டர். அதைச் சுற்றி மரமும் கண்ணாடியுமான தடுப்புகள் சிறு சிறு அறைகளைப் பிரிக்கின்றன. வண்ண ஓடுகள், தங்கப் பூச்சுக் கண்ணாடிகள், செதுக்கிய மஹோகனி என்று எங்கு பார்த்தாலும் செட்டிநாட்டு வீட்டு முகப்பறையின் தாராளம். ஆண்கள் கழிப்பறையின் பளிங்குத் தொட்டிகள்கூட இந்தக் கட்டடத்தின் பெருமைகளில் சேர்த்துப் பேசப்படுகின்றன. என்னோடு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார்கள்.

இதை நடத்தும் சாமுவேல் ஸ்மித் யார்க்ஷயரின் டாட்காஸ்டரில் 1758-இல் தொடங்கப்பட்ட ஆலை; அதற்கென்று ஒரு தனிப் பிடிவாதம் உண்டு. பப்பில் இசை கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று 2017-இலும், கைப்பேசி பயன்படுத்தக் கூடாது என்று 2019-இலும் உத்தரவு போட்டார்கள். கோலா முதல் உருளைக்கிழங்கு வறுவல் வரை எல்லாம் அவர்கள் பெயரிலேயே வரும். வேறு பிராண்டைக் கேட்டால் கிடைக்காது. எனக்கு இந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது, ஏனென்றால் மனிதக் குரல் மட்டுமே நிறைந்த ஓர் அறையை நகரத்தில் வேறெங்கும் கேட்பது அரிதாகிவிட்டது. ஆனால் தனியாளுக்கு இது இரண்டாம் இடம்தான். தடுப்பறையில் நான்கு பேர் கொண்ட குழு ஒன்று உட்கார்ந்துவிட்டால், அவர்கள் வீட்டு வரவேற்பறைக்குள் நுழைந்துவிட்டவர் போல நாம் கூனிக் குறுக வேண்டியிருக்கும். சைவர்களுக்கு ஒரு செய்தி: இந்த ஆலையின் பீப்பாய் பிட்டரில் மீன் பசை உண்டு, புட்டிப் பியர்களில் பெரும்பாலானவற்றில் இல்லை.

ஃபிளீட் தெருவில் இதே ஆலை நடத்தும் செஷயர் சீஸ், 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் 1667-இல் மீண்டும் கட்டப்பட்டது. சதர்க்கில் இருக்கும் ஜார்ஜ், லண்டனில் எஞ்சியிருக்கும் ஒரே மாடத்தாழ்வாரச் சத்திரம், 1677-ஆம் ஆண்டினது, இன்று தேசிய அறக்கட்டளையின் சொத்து. இரண்டையும் ஒருமுறை பார்க்கலாம். பார்த்துவிட்டு அரை பைன்டோடு நகர்ந்துவிடலாம், ஏனென்றால் இரண்டிலும் சுற்றுலாப் பயணிகளின் படமெடுப்புக்கு நடுவே நம் முழங்கையை வைக்க இடம் கிடைப்பது அபூர்வம்.

பிளாக்ஃபிரையரும் சுற்றுலாப் பட்டியலில் உள்ளதுதான். ஆனாலும் அதை நான் விட மாட்டேன். பழைய டொமினிகன் துறவியர் மடம் இருந்த இடத்தில், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், ஆப்புப் போல ஒடுங்கிய மூலையில் நிற்கும் இந்தப் பப்பை 1905 முதல் கட்டடக் கலைஞர் ஃபுல்லர் கிளார்க்கும் சிற்பி ஹென்றி பூலும் துறவிகளால் நிரப்பினார்கள். சுவரெல்லாம் உலோகப் புடைப்புச் சிற்பங்களில் கொழுத்த துறவிகள் பாடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். மீனும் விலாங்குமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் சிற்பத்தின் கீழே, நாளை வெள்ளிக்கிழமை என்று எழுதியிருக்கும். வெள்ளியன்று இறைச்சி விலக்கு என்பதால் முந்தின நாளே மீனுக்கு அலைகிறார்கள். புரட்டாசி பிறப்பதற்கு முந்தின ஞாயிறன்று நம்மூர்க் கறிக்கடையில் நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். 1960களில் இதை இடிக்கத் திட்டமிட்டபோது கவிஞர் ஜான் பெச்சமன் முன்னின்ற எதிர்ப்பால் கட்டடம் பிழைத்தது. பின்னால் உள்ள பளிங்குக் குகை அறையில் சனிக்கிழமை மதியம் இடம் கிடைக்கும்; அங்கே தனியாக உட்கார்ந்தால் சுவரே பேச்சுத்துணை. பியர் சுமார் ரகம்.

பியருக்காக மட்டும் போக வேண்டும் என்றால் டிரஃபால்கர் சதுக்கத்துக்குப் பின்னால், சாண்டோஸ் பிளேஸில் உள்ள ஹார்ப். நம்மூர் டவுன் பஸ் அகலம்தான் இருக்கும். காம்ராவின் தேசிய அளவிலான சிறந்த பப் விருதை 2010-ஆம் ஆண்டுக்குப் பெற்றது. அந்த விருது அதற்கு முன் லண்டனுக்கு வந்ததே இல்லை. 2014-இல் ஃபுல்லர்ஸ் நிறுவனம் இதை வாங்கியபோது, இனி அவர்களுடைய சரக்கு மட்டும்தான் வரும் என்று பலர் புலம்பினார்கள். வெளி ஆலைகளின் ஏல்கள் நல்லவேளையாகத் தொடர்ந்தன. இங்கே கைப்பிடிகளில் தொங்கும் பெயர்கள் அடிக்கடி மாறுவதால், எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றால், சிறு கோப்பையில் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார்கள். மாலையில் நிற்கத்தான் முடியும். பகல் பன்னிரண்டரைக்குப் போய் மாடியறையில் சன்னலோரம் உட்காருவதே என் வழக்கம்.

இதுவரை சொன்னவை நடு நகரத்தைச் சேர்ந்தவை. பேட்டை மக்கள் ஒரு பப்பை எவ்வளவு தூரம் தங்களுடையதாக நினைக்கிறார்கள் என்று அறிய விரும்புபவர்கள் வடமேற்கே கில்பர்னுக்குப் போய் கார்ல்டன் டாவெர்னைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரின் வான் தாக்குதலில் அழிந்த பப்புக்குப் பதிலாக 1920-21-இல் எழுந்த சாதாரணச் செங்கல் கட்டடம் அது. 2015-ஆம் ஆண்டு ஈஸ்டரின்போது, சரக்குக் கணக்கெடுக்க வேண்டும் என்று சொல்லிக் கடையை மூட வைத்த உரிமையாளர்கள், சில நாட்களில் அனுமதியே இல்லாமல் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கும் நடவடிக்கை அப்போது கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஆனால் முன்பே சந்தேகப்பட்ட பேட்டைவாசிகளின் வற்புறுத்தலால், தொல்பொருள் காக்கும் அமைப்பு ஓடுகளின் அச்சுகளையும் படங்களையும் எடுத்து வைத்திருந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம், இருந்தது இருந்தபடியே செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டு என்று உத்தரவிட்டது, மேல்முறையீடும் தோற்றது. 2021 ஏப்ரலில் கதவு மீண்டும் திறந்தது.

நான் போனபோது முகப்பில் மீட்டெடுத்த பழைய துண்டுகளும் புது ஓடுகளும் கலந்திருந்தன. எது எது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் கால்மணி நேரம் போயிற்று. பக்கத்து மேசையிலிருந்த முதியவர் எழுந்து வந்து, நீ தடவுவது புதுசு, அதோ அதுதான் பழசு என்று திருத்தினார். உணவு சுமார்தான், விலை பேட்டைக்குச் சற்று அதிகம். என்றாலும் ஏல் தெளிவாக இருந்தது.

தென்கிழக்கே நன்ஹெட்டிலுள்ள ஐவி ஹவுஸின் கதை இன்னும் சுருக்கமானது. 2012-இல் அது மூடப்பட்டு விற்பனைக்கு வந்தபோது, 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அளித்த புது உரிமையைப் பயன்படுத்திச் சமூகச் சொத்தாகப் பதிவு செய்தார்கள். நாட்டிலேயே அப்படிப் பதிவான முதல் பப் இதுதான். பிறகு கடன் திரட்டி 2013-இல் வாங்கிவிட்டார்கள்; 371 பேர் பங்குதாரர்களாகச் சேர்ந்தார்கள். 1930களின் மரப்பலகைச் சுவர்களும், 1970களில் ராக் குழுக்கள் பாடிய மேடையும் அப்படியே இருக்கின்றன. கவுண்டரில் நமக்கு முன்னால் நிற்பவர் முதலாளிகளில் ஒருவராக இருக்கலாம் என்பதால் குறையைச் சற்றுப் பார்த்துச் சொல்வது நல்லது. ரயில் நிலையத்திலிருந்து நல்ல நடை. மழை நாளில் வேண்டாம்.

என் சொந்தப் பணத்தை அதிகம் வாங்கிக்கொண்ட இடத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். ஹாம்ஸ்டெட் ஹீத்தின் தென்கோடியில், காஸ்பெல் ஓக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஹைகேட் சாலையிலுள்ள சவுத்தாம்ப்டன் ஆர்ம்ஸ். வாசற்பலகை ஏல், சைடர் (ஆப்பிள் மது), இறைச்சி என்ற மூன்று சொற்களில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்; உள்ளேயும் அவற்றைத் தாண்டி அதிகம் இல்லை. நாட்டின் சிறு ஆலைகளின் ஏல்களே கைப்பிடிகளில் வரும், கவுண்டரில் பன்றி இறைச்சி ரொட்டியும் பை என்னும் இறைச்சிப் பலகாரமும் இருக்கும், ஓர் இசைத்தட்டுக் கருவி சுழலும், சுவரோரம் பியானோ. நீண்ட மேசைகள் பொதுவானவை; தனியாக வருகிறவர் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் பலகையின் முனையில் உட்காருவது இயல்பான காரியம், இடம் விட்டு நகர்ந்துகொள்வார்கள், அதற்குமேல் தொல்லை செய்ய மாட்டார்கள். சைவர்களுக்குச் சாப்பிட ஒன்றும் தேறாது; சாப்பிட்டுவிட்டுப் போவதே நல்லது. இரவு, கடைசியாக வாங்கிக்கொள்ளச் சொல்லி மணி அடித்ததும் ஒரு கோப்பைக்கு நேரம் இருக்கும், இரண்டுக்கு இருக்காது. கிளம்பும்போது வெற்றுக் கோப்பையை மேசையில் விட்டுவிட்டு வந்தால் எவரும் கேட்கப்போவதில்லை; பேட்டைக்காரர்கள் அதைக் கவுண்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தலையை ஒருமுறை அசைத்துவிட்டுப் போவார்கள்.